பிச்சம்மாளின் முதல் குத்து

அஞ்சுகிராமம் பக்கத்தில் பிச்சம்மாளின் கைராசியை அறியாத பண்ணை கிடையாது. நடவு நாளில் முதல் நாற்றுமுடியை அவிழ்த்து அவள் நாலு குத்து ஊன்றினால்தான் மற்றப் பெண்கள் வயலில் இறங்குவார்கள். கூலி எல்லாருக்கும் போலத்தான். ஆனால் அந்த நாலு குத்துக்காக ஊர் அவளுக்கு வழிவிட்டு நின்று பார்த்தது. வேறு பெருமை எதுவும் அவள் வாழ்க்கையில் எட்டிப் பார்த்ததில்லை, பாவம்.

1952 கும்பப்பூ அறுவடையில் பூதலிங்கம் பிள்ளையின் வயல் பதராய்ப் போனது. முந்தின வருஷமும் இரண்டு வயல்கள் அப்படித்தான் போயிருந்தன. மூன்றிலும் முதல் குத்து பிச்சம்மாளுடையது. ஊர் வாய்க்கு இது போதாதா! அடுத்த நடவுக்குப் பக்கத்துத் தெரு அன்னக்கிளியைக் கூப்பிடுவதென்று பிள்ளை முடிவு செய்துவிட்டார்.

பிச்சம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து, வயலுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டைகளைப் பரப்பினாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் கைவைத்த வயல் ஒன்பது, பதர் மூன்று. மற்றவர்கள் கைவைத்த வயல் ஆறு, பதர் இரண்டு. அவள் நட்டு விளைந்ததை ஊர் எண்ணவேயில்லை. அவள் தொடாத வயல்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில்தான் கோளாறு என்றால் அவள் பக்கம் பதர் கூடியிருக்க வேண்டாமா? தொட்டாலும் மூன்றில் ஒன்று, தொடாவிட்டாலும் மூன்றில் ஒன்று. அவள் கைக்கும் பதருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு பிள்ளையின் களத்துக்கே போய்ப் பரப்பிக் காட்டினாள்.

“பாருங்க ஏமானே. நான் தொட்டாலும் தொடாட்டாலும் ஒண்ணுபோலத்தான் பதர் விழுந்திருக்கு. என் கைமேல என்னத்துக்குப் பழி?”

பிள்ளை கெட்டவரல்ல. குனிந்து பொறுமையாகப் பார்த்தார்.

“நீ சொல்லுகது சரியாக்கும் ஏட்டி,” என்றார்.

அவளுக்கு உயிர் வந்தது. பிள்ளை அதோடு விடவில்லை.

“அப்போ விளைஞ்சதும் உன் கையால இல்லேல்லா? பின்ன உன்னை என்னத்துக்குக் கூப்பிடணும்? அன்னக்கிளி ஊணினாலும் ஒண்ணுதானே.”

பிச்சம்மாள் கொட்டைகளை அள்ளித் திரும்பவும் மடியில் கட்டிக்கொண்டாள். பழியைத் துடைக்கப் போனவள், இத்தனை வருஷப் பெருமையையும் சேர்த்துத் துடைத்துவிட்டு வீடு திரும்பினாள். அந்த நடவில் அன்னக்கிளி நாலு குத்து ஊன்றும்வரை மற்றப் பெண்களோடு அவளும் வரப்பில் காத்து நின்றாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வீட்டுக்குப் பின்னால் பூசணிக்குக் குழி தோண்டினாள். விதையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கணக்கு சரிதான். அவளே போட்டது, பிள்ளையே ஒத்துக்கொண்டது. இருந்தும் கை இறங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு முத்துக்கனி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மக்கா, இந்த விதையைக் கொஞ்சம் ஊணித் தந்துட்டுப் போயேன்.”

“ஏன், நீயே ஊணினா முளைக்காதா?” என்று சிரித்தாள் முத்துக்கனி.

“என் கை வேண்டாம் பிள்ளே,” என்றாள் பிச்சம்மாள்.