மூட்டைக்குள் போன சேசுபாலன்

கம்பம்மெட்டை விட்டு நடக்க ஆரம்பித்து ஒரு நாள் முழுக்க ஆகியிருந்தது. முதுகில் கம்பளி, கம்பளிக்குள் ஒரு வேட்டி, மடியில் கோணி ஊசி. அவ்வளவுதான் என் சொத்து. விட்டு வந்த ஏலத்தோட்டத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். ஒழுகுகிற கொட்டகையில் படுத்துக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலில் கிடந்த நாட்களுக்குக் கஞ்சி கிடையாது என்றான் கங்காணி. அப்படியானால் நானும் கிடையாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கிவிடுவது, பிறகு கால் போகிற பக்கம் போவது என்பது திட்டம். எனக்கு இருபது வயது சொச்சம். அந்த வயதில் அதுவே பெரிய திட்டம்.

மோட்டார் வண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். பனி மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் போல ஒரு வளைவில் மூங்கில் கம்பத்தின் உச்சியில் காகித நட்சத்திரம் ஒன்று தெரிந்தது. பனியில் ஊறி ஒரு முனை மடிந்து, காது தொங்கிய ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. வேதக்காரர்கள் குடியிருக்கிற லயம், கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். பண்டிகை வீட்டில் வயிற்றுக்கு ஏதாவது கிடைக்கும். பாதையை விட்டு இறங்கினேன்.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். கோடி வீட்டு வாசலில் ஒரு அம்மாள், முழங்கை வரை அதிரச மாவோடு, மூன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள். மூத்தவள் எட்டு வயதுப் பெண். அடுத்தது பையன். கடைசி நாலு வயதுப் பெண், கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டு நின்றது.

"அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றேன்.

"இரு தம்பி. இங்கன சேசுபாலனையே காணோம்" என்றாள் அவள், ஆட்டைக் காணோம் என்பது போல.

தண்ணீர் வருவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர்கள். கோவில் எங்கேயோ தூரத்தில் இருந்தது. சாமியார் வருஷத்தில் ஒரு தடவை வந்தால் உண்டு. ஆகவே பிறந்தநாள் செபம் அந்த வீட்டுக் குடிலுக்கு முன்னால்தான் நடக்கும். கிழிந்த ஏலக்கூடையைக் கவிழ்த்துப் பாசி ஒட்டிக் குடில் செய்திருந்தார்கள். பொம்மைகளைப் பிள்ளைகள் களிமண்ணில் பிடித்திருந்தார்கள். ஒட்டகம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாததால் மூன்று ராஜாக்களும் யானையில் வந்திருந்தார்கள். மாட்டின் முதுகில் பொதி இருந்தது. பாலன் மட்டும் வாங்கிய பொம்மை. சுட்டு வர்ணம் பூசிய மண், உள்ளங்கை நீளம். கல்யாணத்தின்போது அம்மாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பிறந்தநாள் வரும்வரை பாலன் அரிசிப்பானைக்குள் இருப்பான். விடியும் நேரத்தில், லயமே கூடி நிற்க, அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று அவனை எடுத்துக்கொண்டு போய்க் குடிலின் தொட்டியில் கிடத்த வேண்டும். அந்த வருஷம் நாலு வயதுக்காரியின் முறை. அரிசி அளக்கக் கையை விட்ட அம்மாளுக்குப் பானையில் அரிசிதான் கிடைத்தது.

"நான் எடுக்கலம்மா, தம்பிதான்" என்றாள் மூத்தவள்.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றான் பையன்.

"எலி எதுக்குலே மண்ணைத் தூக்குது?"

அடுத்த வீட்டு அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் வேறு சபை. சிலை, சுரூபம் எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள். "எங்கள்ல இந்தத் தொந்தரவே கிடையாது மதினி" என்றாள். "பொம்மையும் இல்ல, தொலையறதும் இல்ல."

"நீ முறுக்கைப் பாரு மதினி. கருகுது."

அப்போது கடைக்குட்டி விரலை வாயிலிருந்து எடுத்து, "பாப்பா தூங்குது" என்றது.

"எங்கட்டி தூங்குது?"

"சூட்டுல."

அம்மாள் அடுப்புக்கு ஓடிச் சாம்பலைக் கிளறினாள். நானும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கிளறினேன். அடுப்பில் ஒன்றுமில்லை. திரும்பி வந்து கேட்டதற்குக் குழந்தை, "இங்க இல்ல. அப்பா ஸ்டோருல. பாப்பாவுக்குக் குளிருதுல்லா?" என்றது.

பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டிடத்தைத்தான் ஸ்டோர் என்பார்கள். வெளியே உலை, உலைச் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடும். குழாய்க்கு மேலே தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். அந்த உலைக்குத் தீ போடுகிறவர்தான் அம்மாளின் புருஷன். காய்ந்த காயைச் சாக்கில் அள்ளியதும் வாயைத் தைத்துவிட மாட்டார்கள். சூடு ஆறட்டும் என்று திறந்தே வைப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோன அக்காளின் பின்னாலேயே போன குழந்தை, வெதுவெதுப்பாக இருந்த ஒரு சாக்கில் கைக்கு எட்டிய ஆழத்துக்குப் பாலனைப் படுக்க வைத்து, மேலே காயைப் போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறது. அந்தப் பனியில் அதைவிட நல்ல இடம் எனக்கும் தோன்றியிருக்காது.

நாங்கள் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபோது சாக்குகள் தைத்து, கட்டுக்குக் கட்டு அரக்கு முத்திரை வைத்து, வாசலில் அடுக்கியிருந்தன. பொதிமாடுகள் மணியை ஆட்டிக்கொண்டு நின்றன.

சேதியைக் கேட்ட புருஷன் விறகை அப்படியே கீழே போட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், இது பொம்மை தொலைந்த சமாச்சாரம் மட்டுமல்ல என்று தெரிந்தது.

"போடி மண்டியில ஒவ்வொரு சாக்கையும் கொட்டித்தான் பாப்பான்" என்றார். "காய்க்குள்ள மண்ணு கெடந்தா என்ன சொல்லுவான்? எடைக்கு மண்ணு போட்டு அனுப்பியிருக்கான்னு சொல்லுவான். அள்ளிப் போட்டது நான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் வேலை பார்த்த தோட்டத்தில், சாக்கில் ஒரு பிடி மணல் இருந்ததற்காக ஒரு குடும்பத்தைப் பொழுது சாய்வதற்குள் கீழே இறக்கிவிட்டார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். பண்டிகை முடிந்த கையோடு மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை கம்பம் பக்கத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி. முத்திரை வைத்த சாக்கைப் பிரிப்பதா என்று குதித்தார். "பிரிச்ச சாக்குன்னு தெரிஞ்சாலே மண்டியில தள்ளிருவாய்ங்க. முடியாதுப்பா."

"அப்ப மண்ணோட போகட்டுங்களா?" என்றார் புருஷன். "மேல இருக்கது உங்க முத்திரைங்க."

கணக்குப்பிள்ளை குதிப்பதை நிறுத்தினார். சற்று யோசித்துவிட்டு உள்ளே போய்க் குத்தூசியைக் கொண்டுவந்தார். சாக்கில் குத்தி மாதிரி எடுக்கிற கூர்க் குழாய் அது. "பிரிக்க வேண்டாம். குத்திப் பாத்துருவோம்."

"ஐயையோ, குத்தாதீங்க! பிள்ளைங்க அது!" என்று அம்மாள் சாக்குகளின் மேல் கவிழ்ந்துவிட்டாள்.

எந்தச் சாக்கு என்று குழந்தையைக் கேட்டோம். ஒன்றைக் காட்டியது. மறுபடி கேட்டோம். இன்னொன்றைக் காட்டியது. மூன்றாம் தடவை மாட்டைக் காட்டியது.

கடைசியில் அம்மாள்தான் ஒவ்வொரு சாக்கின் வாய்ப்பக்கத்தையும் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைத்தாச்சி வயிற்றைத் தடவும் மருத்துவச்சி மாதிரி. முறுக்கை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்திருந்த அடுத்த வீட்டுக்காரி, "தலை தெரியுதா மதினி, கால் தெரியுதா?" என்றாள். அந்த நேரத்திலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தா இருக்கு" என்றாள் அம்மாள், கண்ணைத் திறக்காமலே.

கணக்குப்பிள்ளை தானே அரக்கை உடைத்தார். நான் தையலைப் பிரித்தேன். அம்மாள் கையை விட்டு எடுத்தாள். ஏலக்காய் வாசனையோடு, சிரித்த முகத்தோடு, பாலன் வந்தான். வலது கையைக் காணோம்.

"கை?" என்றார் புருஷன்.

கை சாக்குக்குள்தான் இருக்க வேண்டும். நிலக்கடலை அளவு மண் துண்டு. அதுவும் மண்தானே? கட்டாந்தரையில் பாயை விரித்துச் சாக்கைக் கொட்டினோம். லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து காயைத் துழாவத் தொடங்கினார்கள். வாயில் போட்டுக்கொள்கிறவர்களின் தலையில் மூத்தவள் குட்டினாள். பொதிமாட்டுக்காரர் முதலில் தூரத்தில் நின்று, "உங்க சாமி பொறக்குறதுக்குள்ள என் மாடு செத்துரும் போல இருக்கே" என்று முனகிக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்க மாட்டாமல் அவரும் வந்து குந்தினார்.

நான் பாயின் ஒரு மூலையைத் துழாவினேன். குச்சி, சருகு, ஒரு செத்த வண்டு. மலையில் சீக்கிரம் இருட்டிவிடும். மாடுகள் வெளிச்சத்தோடு இறங்கியாக வேண்டும். புருஷன் துழாவவில்லை; இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குட்டி அவர் முதுகில் சாய்ந்துகொண்டு, "பாப்பாவுக்குக் கை வலிக்குமாப்பா?" என்று கேட்டது.

"இது காயில்லியே" என்றது ஒரு குரல். அடுத்த வீட்டுக்காரி. விரல் நுனியில் சின்னஞ்சிறு ரோஸ் நிறக் கை.

"பாத்தியா மதினி" என்றாள். "எங்கள்ல பொம்மைதான் இல்ல. கண்ணு இருக்கு."

அம்மாள் எழுந்து போய் மாவு காய்ந்த கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், அப்புறம் மூக்கைச் சிந்தினார்கள்.

சாக்கை நிரப்பியதும் கணக்குப்பிள்ளை தைக்க உட்கார்ந்தார். அந்த ஸ்டோரில் மூட்டை தைக்கிறவனும் வேதக்காரன். காலையில் தைத்து முடித்த கையோடு பண்டிகைக்குக் கீழே போய்விட்டான். இவர் போட்ட தையலைப் பார்த்தால் மண்டியில் குருடன்கூடச் சந்தேகப்படுவான். நான் மடியிலிருந்த ஊசியை எடுத்தேன். பழைய துளை ஒன்றையும் விடாமல், அதே துளைகளில் சணலைக் கோத்து இழுத்தேன். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. அவசரப்படாமல் இருந்தால் போதும். கணக்குப்பிள்ளை அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். கரண்டியில் மிச்சமிருந்த அரக்கைக் காட்டி, "அந்தப் பிள்ளையக் கொண்டா" என்றார். விபூதி பூசிய அந்த மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாலனின் கையை ஒட்டியது நன்றாக இருந்தது. தோளைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வளையல், வளையல் என்றார்கள்.

மாடுகள் இறங்கிப் போயின. மணிச் சத்தம் கேட்காமல் போகும்வரை புருஷன் பாதையிலேயே நின்றார்.

நானும் கிளம்பலாம் என்று கம்பளியை எடுத்தேன். "சாப்பிடாம எங்க போற? உக்காரு" என்றாள் அம்மாள். கோழிக் குழம்பும், உடைந்த அதிரசங்களும் கிடைத்தன. உடையாதவை காலையில் வருகிறவர்களுக்கு. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் சட்டையும் பாவாடையும் தைத்துக் கொடியில் போட்டிருந்தாள். மஞ்சளில் பச்சைப் பூ. காட்டில் தொலைந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணக்குப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். கடைசிப் பறிப்பில் வந்த பச்சைக்காய் குவிந்து கிடக்கிறது; விடிவதற்குள் உலையில் தீ போடாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்றார்.

"போட்டுர்றேங்க" என்றார் புருஷன், சோற்றைப் பார்த்தபடி.

"செபத்துக்கு நீங்க இருக்க மாட்டீங்களா?" என்றாள் அம்மாள். "சின்னவ முறைல்லா இந்த வருஷம்."

"தீய யாரு பாக்குறது?"

கணக்குப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, உனக்கு உலைக்குத் தீ போடத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் எந்த ஊரிலும் தெரியாது என்று பதில் சொன்னதில்லை. "தெரியுங்க" என்றேன். புருஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கணக்குப்பிள்ளை போனதும், "தெரியாதுல்லா?" என்றார்.

"தெரியாதுண்ணே."

"முதல்லயே பெரிய கட்டையைத் திணிச்சிராத. தீ சிரிக்கக் கூடாது, முணுமுணுன்னு இருக்கணும். சிரிச்சா காய் வெடிச்சிரும்."

விடியும் முன்னால் உலைவாயில் குந்தினேன். விறகெல்லாம் பனியில் நனைந்திருந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்தது. தீ பிடித்துக்கொண்டபோது லயத்துப் பக்கம் ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். உலைவாயிலிருந்து பார்த்தால் கோடி வீட்டு வாசல் தெரிந்தது. மஞ்சள் பாவாடை ஒன்று இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தடுக்கிவிடுமோ என்று தரையையே பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே நடந்து உள்ளே போயிற்று. குளித்த தலையோடு அதன் அப்பா பின்னாலேயே குனிந்து போனார். பாட்டு ஆரம்பித்தது. அதற்குள் இங்கே தீ சிரிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு கட்டையை வெளியே இழுத்துப் போட்டேன். குழாயில் கை வைத்துப் பார்த்தேன். கை சுட்டது. இன்னொரு கட்டையையும் இழுத்தேன்.