ஒண்ணும் நடக்காத படங்கள்

அந்தக் குறும்பட விழா அலுவலகத்தில் எல்லோரும் அவளை மாத்திரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஒரு மொத்த மருந்துக் கிடங்கில் சரக்கு அடுக்கும் வேலை பார்த்தவள். மாத்திரைகளின் பெயர் எதுவும் அவள் வாயில் நுழையாது. அதனால் ஒவ்வொரு அலமாரியிலும் தன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: ‘தலைவலி’, ‘வயிறு’, ‘விடாத இருமல்’, ‘டாக்டர் சொன்னாத்தான்’. கிடங்கு வேறு ஊருக்கு மாறியபோது அவளால் போக முடியவில்லை. விழா அலுவலகத்தில் பட்டியல் போட ஆள் தேவை என்று யாரோ சொல்ல, இங்கே வந்து உட்கார்ந்தாள்.

உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ முந்நூற்றுச் சொச்சம் படங்கள் வந்திருந்தன. தேர்வுக்குழு அதில் அறுபதைப் பொறுக்கிக் கொடுத்தது. அவற்றை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி பத்துப் பத்தாகப் பிரித்து ஆறு காட்சிகளாக்க வேண்டும். பிரிப்பது அக்காவின் வேலை. காட்சிகளுக்குத் தலைப்பு வைப்பது விழாத் தலைவியின் வேலை. ‘நீரின் நினைவு’, ‘விளிம்பில் ஒரு மௌனம்’ என்று வைப்பதில் அந்த அம்மாள் கெட்டிக்காரி.

அக்கா படங்களை வீட்டிலும் போட்டுப் பார்த்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் பக்கத்தில் உட்காருவார். மூன்றாவது நிமிஷத்தில் குறட்டை வந்துவிடும். வராவிட்டால் அந்தப் படத்துக்கு நேராக அக்கா ஒரு குறி போட்டுக்கொள்வாள். பிரித்து முடித்ததும், தலைவி தலைப்பு கொடுக்கும் வரை அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று, பழைய பழக்கத்தில் ஆறு கட்டங்களிலும் தன் சீட்டுகளை எழுதி வைத்தாள். ‘அழுகை நிச்சயம்’. ‘சாப்பிடும்போது வேண்டாம்’. ‘வீட்டுக்காரர் தூங்காதவை’. ‘மாமியார் பக்கமும் நியாயம் இருக்கு’. ‘புரியல, ஆனா நல்லாருக்கு’. கடைசியாக, ‘ஒண்ணும் நடக்காத படங்கள்’.

தலைவி தலைப்புகளைக் கொடுத்தார். அக்கா புதுப் பட்டியல் தயாரித்தாள். அச்சகத்துக்கு அனுப்பியது மட்டும் பழைய பட்டியல்.

நாலாயிரம் கையேடுகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கியபோது விழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. தலைவி ஒரு கையேட்டைப் பிரித்தார். மூடினார். திரும்பவும் பிரித்தார்.

“இது என்னம்மா, ‘மாமியார் பக்கமும் நியாயம் இருக்கு’?”

“இருக்கு மேடம். அந்தப் பத்துப் படத்துலயும் இருக்கு.”

“நான் அதைக் கேக்கல!”

கிடங்கில் ஒரு சீட்டு மாறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் அக்கா. ஒரு பங்கு கையேடுகள் அச்சகத்திலிருந்து நேராகவே கடைகளுக்கும் நூலகங்களுக்கும் போய்விட்டிருந்தன. அவள் ராஜினாமாக் கடிதம் எழுதக் காகிதம் எடுத்தபோது மேஜையில் போன் அடித்தது.

“‘அழுகை நிச்சயம்’னு போட்டிருக்கீங்களே, நிச்சயமா வருமா?” என்றது ஒரு பெண் குரல்.

“எனக்கு வந்துச்சுங்க. மூணு தடவை.”

“அப்ப நாலு டிக்கெட் எடுத்து வைங்க.”

அன்றைக்கு முழுக்க அந்த போன் ஓயவே இல்லை. ஒருவர் தன் வீட்டுக்காரரும் தூங்காமல் இருப்பாரா என்று கேட்டார். “உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரரைத்தான் தெரியும்” என்றாள் அக்கா. மறுநாள் மத்தியானத்துக்குள் ஆறு காட்சிகளுக்கும் இடம் தீர்ந்துவிட்டது. அதிலும் முதலில் தீர்ந்தது ‘ஒண்ணும் நடக்காத படங்கள்’. ஊரில் அவ்வளவு களைத்துப்போன ஜனங்கள் இருந்திருக்கிறார்கள். தலைவி கையேட்டைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. பத்திரிகைக்காரர்களிடம் மட்டும், “இது எங்க புது அணுகுமுறை” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிக்கல் விழாவின் இரண்டாம் நாள் காலையில் வந்தது, மொழிபெயர்க்கும் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு. நரைத்த தாடியோடு, நெடுநெடுவென்று ஒரு வெளிநாட்டு இயக்குநர். அக்காவின் மேஜை மேல் கையேட்டை வைத்து ஒரு வரியில் விரலை ஊன்றினார்.

“இந்தத் தலைப்பை வச்சது நீங்களான்னு கேக்குறாரு” என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

“ஆமான்னு சொல்லும்மா.”

“தன் படத்துல ஒண்ணும் நடக்கலையான்னு கேக்குறாரு.”

அக்காவுக்கு அந்தப் படம் நன்றாக நினைவிருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். பத்தொன்பது நிமிஷம் உட்கார்ந்தே இருப்பார். “காத்துட்டு இருக்காரு. பாவம், பஸ்ஸே வராது” என்றாள்.

அதைக் கேட்டதும் இயக்குநரின் முகம் செத்துப்போயிற்று. ஏதோ மெதுவாகச் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினாள். “பஸ் வருதாம், அக்கா. பதினாலாவது நிமிஷத்துல.”

“வருதா?”

“வந்து நிக்குதாம். கதவு திறக்குதாம்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று அடுப்பில் பால் வைத்திருந்தாள். பொங்கும் வாசனைக்கு எழுந்து ஓடி, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தபோது பெரியவர் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். எதுவும் தப்பிப்போனதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மழுப்பியிருக்கலாம். தலைவியைக் கை காட்டியிருக்கலாம். அக்கா எழுந்து நின்றாள். “நான் முழுசாப் பாக்கலைன்னு சொல்லிடும்மா. பால் பொங்கிடுச்சுன்னு சொல்லு. தப்பு என் மேலதான்.”

மொழிபெயர்ப்பாளர் சொன்னாள். பாலைப் பற்றியும் சொன்னாள். இயக்குநரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அக்கா பயந்துபோனாள். சிரிப்பு. “இவ்வளவு நல்ல காரணம் எந்த விமர்சகரும் சொன்னதில்லையாம். இன்னிக்கு உங்களை அவர் பக்கத்துல உக்காந்து பாக்கச் சொல்றாரு” என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

அன்று மாலைக் காட்சிக்கு அக்கா லிஃப்ட் மெக்கானிக்கையும் வரவழைத்துவிட்டாள். தனியாகப் போய் ஒரு வெள்ளைத் தாடிக்குப் பக்கத்தில் உட்காரக் கூச்சம். அரங்கம் பிதுங்கியது. நிஜமாகவே ஒன்றும் நடக்காத ஒன்பது படங்கள் முதலில் ஓடின. ஒன்றில் ஈரத் துணி காய்ந்தது. ஒன்றில் ஒரு பெண் வாசற்படிகளை எண்ணினாள். ஜனங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்கள். ஒன்றிரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். மெக்கானிக் வழக்கம்போலக் கண்ணயர்ந்தார்.

பத்தாவதாக அந்தப் பெரியவர் வந்தார். அக்கா கண் கொட்டாமல் பார்த்தாள். பத்து நிமிஷம் போனது. பன்னிரண்டு போனது. அப்போது தூரத்தில் ஒரு சின்ன உறுமல் கேட்டது. ஒன்றும் நடக்காது என்று நம்பி வந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “ஐயையோ, பஸ் வருது!” என்று யாரோ வாய்விட்டே சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் மெக்கானிக் விழித்துக்கொண்டார்.

பஸ் வந்தது. நின்றது. கதவு திறந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது. பஸ் போய்விட்டது. பெரியவர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்தார்.

விளக்கு போட்டபோது அரங்கமே ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தது. இயக்குநர் அக்காவின் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார். அக்கா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பின் முன்னால் போய் நின்று, ‘ஒண்ணும் நடக்காத படங்கள்’ என்பதற்குக் கீழே, ‘ஒண்ணே ஒண்ணு தவிர’ என்று எழுதினாள். அவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். தலைவி தூரத்திலிருந்து பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மெக்கானிக் கேட்டார், “அவர் ஏன் ஏறலை?”

“தூக்கத்துல பாத்த உங்களுக்கு எதுக்கு அது?”

“அதெல்லாம் பஸ் வந்ததுலேருந்து முழுசாப் பாத்தேன். கதவு அஞ்சு வினாடிகூடத் திறந்து நிக்கலை. வயசானவரு, எப்படி ஏறுவாரு? கதவுலதான் கோளாறு.”

“கதவும் இல்ல, கோளாறும் இல்ல. அவருக்குப் போற எண்ணமே இல்ல. வீட்டுல இருக்கப் பிடிக்காம அங்க வந்து உக்காந்திருக்காரு.”

“அதை எங்க காட்டினான்?”

“குல்லாவைச் சரிபண்ணிக்கிட்டாரே, பாக்கலையா?”

மெக்கானிக் குல்லாவைப் பார்க்கவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் கதவு விஷயத்தைச் சொல்லி நியாயம் கேட்டார். இரண்டு பேர் அவர் கட்சி, மூன்று பேர் அக்கா கட்சி. அவர்களில் ஒருவர்கூட அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.