வேலிக்குள் வந்தவர்

மருத்துவமனை வாசலில் யாரோ வேப்பங்கொத்து ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதன் கசப்பு மணம் என்னைப் பருத்தித்துறைக்கு, வேப்பிலை பரப்பிய ஓர் ஓலைக் கொட்டிலுக்குக் கொண்டுபோனது.

அப்போது எனக்கு எட்டு வயது. பெரியம்மை கண்டதால் ஊருக்கு வெளியே தனியே கிடத்தியிருந்தார்கள். கைக்குழந்தையோடிருந்த அம்மா வேலிக்கு அப்பால் கஞ்சியை வைத்துவிட்டு அழுதபடி போவார். மூன்றாம் நாள் அயல்வீட்டு எஸ்தர் அக்கா படலையைத் திறந்து உள்ளே வந்தார். அடுத்த மாதம் அவருக்குக் கலியாணம்.

“பயமில்லையோ அக்கா?”

“ஓமடி, பயம்தான். நீ தனியக் கிடக்கிறாய், அதுதான் வந்தனான்.”

என்னை மடியில் சாய்த்துக் கஞ்சி பருக்கினார். நான் எழும்பி நடந்தபோது அவர் படுக்கையில் விழுந்தார். உயிர் தப்பியது. ஆனால் முகமெல்லாம் தழும்பு. மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள்.

தேவாலயத்தில் அவருக்கருகில் அமர்ந்து, “என்னாலைதானே அக்கா?” என்று அழுதேன்.

“நீ கூப்பிட்டோ வந்தனான்? நானாய் வந்தனான்.”

அன்று போதகர் ஆண்டவரின் காயங்களைப் பற்றிப் பேசினார். பலமுறை கேட்ட கதைதான். நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.  ஆண்டவரும் கூப்பிடாமலே இப்படி வருகிறவர் என்றால், அவரிடம் என்னை முழுதாய் ஒப்படைக்கலாம் என்று முதன்முதலாகத் தோன்றியது.

நாளை எனக்குச் சத்திரசிகிச்சை. மகள் கலங்குகிறாள். யார் கையில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.