கதவில் தொங்கிய முகம்

பொறை அரியதொரு குணம். பிறர் தம்மை ஐயுறும்போதும் முகம் கோணாதிருப்பது அதனினும் அரிது. அது வாய்க்கப்பெற்றவர், படச்சட்டக் கடையின் பின்னறையில் உருவப்படம் தீட்டும் ஓவியர்.

ஏணியிலிருந்து விழுந்து ஒடிந்த அவருடைய வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியது. பின்பு அது எப்பக்கமும் திரும்பவே இல்லை. இமைமயிரை ஒவ்வொன்றாய் எழுதியவர், தோளை வீசி அகன்ற பட்டைகளாய்த் தீட்டலானார். கிட்டத்தில் அது வண்ணச் சேறு. எட்ட நின்றால் ஆள் மூச்சுவிடுவது போலிருக்கும்.

கடை முதலாளிக்கு மனம் அரித்தது. கை போனவருக்கு இந்தப் புதுக்கை எங்கிருந்து வந்தது? அறைக்கதவு எந்நேரமும் சாத்தியிருப்பானேன்? ஓவியரின் இல்லாள் விரல்களில் நீலக்கறை ஏன்? வரைபவள் அவளே, இருவரும் ஊரை ஏய்க்கிறார்கள் என்று முடிவுகட்டினார். கையும் களவுமாய்ப் பிடித்தால் அறையைக் காலி செய்யச் சொல்வதென்று வீட்டில் சூளுரைத்தார். அறை போனால் ஓவியருக்குப் பிழைப்பும் போகும். சோதிப்பதற்கென்றே காலஞ்சென்ற தம் தாயின் நிழற்படத்தைக் கொடுத்து வரையச் சொன்னவர், ஒரு பிற்பகல் பூனைபோல் வந்து கதவை ஓங்கித் தள்ளினார்.

கதவு எதிலோ இடித்தது. உள்ளே, ஓவியரின் முன்கையில் துணியால் கட்டிய நீண்ட கழி. அதன் நுனியில் தூரிகை. தோள்வீச்சுக்கு வேண்டிய தொலைவு அக்குறுகிய அறையில் எதிர்ச்சுவருக்கும் கதவுக்கும் இடையேதான் இருந்தது. ஆதலால் கதவின் உட்புறத்திலேயே படத்தை மாட்டியிருந்தார். இல்லாள் வண்ணக்குழாயின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்; திரும்பாத மணிக்கட்டுக்கு அவ்வேலை ஆகாது.

"தட்டிட்டு வரக்கூடாதா முதலாளி?" என்றார் ஓவியர்.

"திருடியப் பிடிக்க வந்தவரு தட்டிட்டா வருவாரு?" என்றாள், முதலாளி வீட்டுப் பேச்சு முன்பே காதில் விழுந்திருந்த அவள், தலைநிமிராமலே.

முதலாளி உள்ளே வந்து, தாமே கதவைச் சாத்தினார். தூரிகை மோதியதில் தாயின் ஒரு புருவம் மேலேறிப் போயிருந்தது. ஈரம் காயுமுன் துடைத்துவிடலாம் என்றார் ஓவியர். முதலாளி எதிர்ச்சுவர்வரை சென்று திரும்பிப் பார்த்தார்.

"தொடாதீங்க. எங்க சுத்திட்டு வந்தாலும் அம்மா என்னை இப்படித்தான் பாப்பாங்க." பின்பு குரலைத் தாழ்த்தி, "வேணும்னே போட்டீங்களோ?" என்றும் கேட்டார்.

"தள்ளினது நீங்கதானே," என்றார் ஓவியர்.

இன்று அப்படம் கடையின் முகப்பில் தொங்குகிறது. பின்னறைக் கதவின் உட்புறம் தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறது. முதலாளியே பொருத்திக் கொடுத்தது. அந்தத் தாழ் ஐயமும் கேடும் புகாமல் காக்க. ஓவியரும் இல்லாளும் வாழும் இல்லத்தில் விளக்கு மங்காதிருக்க. அவள் விரற்கறை என்றும் உலராதிருக்க இறைவன் அருள்க.