எள்ளுத்தாத்தாவின் டிக்கெட் ஆல்பம்

எங்கள் வீட்டில் யாருமே படிக்காத ஒரு புத்தகத்துக்கு வருஷா வருஷம் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். புத்தகம் என்றால் அச்சடித்த புத்தகம் இல்லை. என் எள்ளுத்தாத்தா, அதாவது என் தாத்தாவுக்குத் தாத்தா, வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸில் நடந்த நடன விருந்து, பியானோ கச்சேரி, பூக்காட்சி, சர்க்கஸ், பலூன் பறக்கவிட்ட வேடிக்கை என்று ஒவ்வொன்றின் டிக்கெட்டையும் பசை தடவி ஒட்டிவைத்த தடித்த நோட்டு அது. வீட்டில் அதற்கு ஆல்பம் என்று பெயர்.

வருஷம் முழுக்க அது பெரியப்பாவின் பீரோவில் பட்டு வேட்டிகளுக்கு அடியில் தூங்கும். சரஸ்வதி பூஜையன்று மட்டும் வெளியே வந்து, எங்கள் பாடப் புத்தகங்களின் உச்சியில் உட்காரும். அன்றைக்கு எதையும் திறந்து படிக்கக் கூடாது. அப்பா மட்டும் பேப்பர் படிப்பார். பேப்பரில் சரஸ்வதி இல்லை என்பது அவர் கட்சி. மறுநாள் விஜயதசமி காலையில் அடுக்கைக் கலைத்து ஆளுக்கு நாலு வரி படித்தே ஆக வேண்டும். ஆனால் நாங்கள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் ஆல்பம் பீரோவுக்குள் போய்விடும். ஆக, படிக்கக் கூடாத நாளில் மட்டுமே கண்ணில் படுகிற புத்தகம் அது. இப்படியே மூன்று தலைமுறை ஓடியிருக்கிறது. இந்தக் கூத்து வேறு எந்த வீட்டில் நடக்கும், சொல்லுங்கள்.

படிக்கவில்லையே தவிர, அதைப் பற்றிப் பேசுவதற்குக் குறைச்சல் இல்லை. மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு வந்த கேஸ்காரர் முதல் பெரியப்பா வேலை பார்த்த பேங்கின் மேனேஜர் வரை எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். எள்ளுத்தாத்தா கவர்னர் மாளிகை நடனத்துக்கே போய் வந்தவர். பெரிய மனிதர்களோடு பழகியவர். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டபோது ஒரு துரைசானி தன் கையிலிருந்த குடையையே அவருக்குக் கொடுத்துவிட்டாள். இந்த இடத்தில் பெரியப்பா ஒரு நிமிஷம் நிறுத்துவார். நாங்கள் ஆச்சரியப்பட வேண்டும். படுவோம்.

இப்பேர்ப்பட்ட குடும்பத்தில் வந்து பிறந்தவர் என் சித்தப்பா. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தம்பி, கல்யாணம் ஆகாதவர். தி.நகரில் ஒரு தியேட்டரில் பால்கனி வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது அவர் வேலை. "சினிமாத் துறையில இருக்கான்" என்று பெரியப்பா வெளியே சொல்லிவைத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு யாராவது நடிகர் கையெழுத்து வேண்டும் என்று வந்து நிற்பார்கள். சித்தப்பாவும் சளைக்காமல், "சார் ஷூட்டிங்ல கீறாரு" என்று அனுப்பிவைப்பார்.

எனக்கு அவர் வேலையைவிட உசந்த வேலை உலகத்தில் இல்லை. படம் தொடங்கி, வரிசை எல்லாம் உள்ளே போன பிறகு, காலியாக இருக்கும் சீட்டில் என்னை உட்காரவைப்பார். எத்தனையோ படங்களின் முதல் பத்து நிமிஷம் எனக்கு இன்றுவரை தெரியாது. உட்காரும் முன் அவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன். வாங்குவார், ஒரே இழுப்பில் கிழிப்பார், சீட் நம்பர் உள்ள பாதியை ஆளிடம் கொடுப்பார், இன்னொரு பாதியைத் தகர டப்பாவில் போடுவார். முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்த வாசலில் நிற்கும்போது சித்தப்பா வீட்டில் இருப்பதைவிட ஒரு பிடி உயரமாகத் தெரிவார்.

நான் ஆறாவது படித்த வருஷம் பெரியப்பா அதற்கு ஒரு முடிவு கட்டினார். டிக்கெட் கிழிக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அவர் கவலை. உஸ்மான் ரோட்டில் தெரிந்தவரின் ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் வேலை பேசிவிட்டார். விஜயதசமியன்று பத்தரை மணிக்கு நல்ல நேரம், அப்போது போய்ச் சேர வேண்டும், டை கட்டிக்கொண்டு வர வேண்டும். சித்தப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்கு அந்த வாசலே போதும்ண்ணா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நம்ம குடும்பத்துல எவன்டா வாசல்ல நின்னான்?" என்றார் பெரியப்பா.

அதே விஜயதசமியன்று காலை இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வாரா வாரம் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகும் எங்கள் வட்டாரப் பத்திரிகையிலிருந்து, பழைய மயிலாப்பூர்க் குடும்பங்களைப் பற்றி எழுதுகிற ஒரு பெண் வருவதாக இருந்தது. ஆல்பத்தைப் பார்க்கத்தான். பெரியப்பாவுக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை. அதனால் அந்த ஒரு வருஷம் மட்டும் ஆல்பம் பீரோவுக்குத் திரும்பிப் போகாமல் பூஜை அடுக்கின் மேலேயே இருந்தது.

பெரியப்பா குளிக்கப் போயிருந்தார். அப்பா பேப்பரும் கையுமாக வாசலில். அம்மாவும் பெரியம்மாவும் சமையல்கட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்துக் கண்ணாடி முன்னால் சித்தப்பா டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாலு வரி படிக்க வேண்டும் என்பதுதானே சட்டம்? எந்தப் புத்தகம் என்று யாரும் சொல்லவில்லையே. நான் ஆல்பத்தைத் திறந்தேன்.

முதல் டிக்கெட் கவர்னர் மாளிகை நடனம். கெட்டி அட்டை, ஓரத்தில் கொடிக்கோலம். ஆனால் வலது பக்கம் கிழிந்திருந்தது. அடுத்ததும் கிழிந்திருந்தது. அதற்கடுத்ததும். பதினைந்து பக்கம் புரட்டிவிட்டேன், ஒன்றுகூட முழுசாக இல்லை. ஒன்றிலாவது சீட் நம்பர் இல்லை, வந்தவர் பெயர் இல்லை. அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில், 'வாசலில் கொடுத்துவிட வேண்டியது' என்று அச்சடித்திருந்தது. வாசலில் கொடுத்துவிட வேண்டியது வீட்டுக்கு எப்படி வந்தது?

தியேட்டரில் வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாதா? இது உள்ளே போகிறவர் பாதி இல்லை. டப்பாவில் விழுகிற பாதி.

ஒவ்வொன்றின் கீழும் எள்ளுத்தாத்தா பென்சிலால் எழுதியிருந்தார். புள்ளி வைக்காத அந்தக் காலத்து எழுத்து. சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "இன்னா கண்ணு, நாலு வரி படிச்சிக்கினியா?" என்றபடி வந்தவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'பாட்டு நன்றாய்க் கேட்டது. வாசலில் நல்ல காற்று.' இன்னொன்றில், 'உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று தெரியவில்லை.' கவர்னர் மாளிகை டிக்கெட்டின் கீழே அந்தப் புகழ்பெற்ற வரி இருந்தது. 'மழை. துரைசானி குடை கொடுத்தாள்.' பக்கத்தைத் திருப்பினால் அதன் பாக்கி இருந்தது. 'மொத்தம் பன்னிரண்டு குடை வந்தது. போகும்போது ஒன்று மாறிப்போனது. ஏச்சு.'

சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கிழிந்த ஓரத்தில் கட்டைவிரலை மெள்ள ஓட்டிப் பார்த்தார்.

"சோக்கா கிழிச்சிக்கீறாரு பாரு. இவ்ளோ கெட்டி அட்டைய, வரிசையில ஆளுங்க தள்ளிக்கினு நிக்கசொல்ல, இப்படி நேரா கிழிக்கிறது லேசு இல்ல."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எள்ளுத்தாத்தாவே வாசலில் நின்றவர் என்றால், சித்தப்பாவைச் சொல்ல இந்த வீட்டில் யாருக்கு வாய் இருக்கிறது? டையைக் கழற்றி எறிந்துவிடலாம். மாலைக் காட்சிக்கு நானும் போகலாம்.

"பெரியப்பா வரட்டும், நான் சொல்றேன்" என்றேன்.

"சொல்லாத."

"ஏன்?"

"சொல்லாதன்னா சொல்லாத."

ஆல்பத்தை மூடி அடுக்கின் மேல் வைத்துவிட்டு மறுபடி கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்காக நான் கண்டுபிடித்தால் இவருக்கே அக்கறை இல்லை. நான் சொல்லத்தான் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

பத்து மணிக்குப் பத்திரிகைப் பெண் வந்தாள். கழுத்தில் கேமரா, கையில் குறிப்பு நோட்டு. பெரியப்பா பட்டு வேட்டியில் இருந்தார். சுண்டல் வந்தது, காபி வந்தது. கவர்னர் மாளிகை வந்தது, குடை வந்தது. பெரியப்பா அந்த ஒரு நிமிஷம் நிறுத்த, அந்தப் பெண்ணும் முறையாக ஆச்சரியப்பட்டாள். அப்புறம் ஆல்பத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, இதுவரை எந்த விருந்தாளியும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். பக்கத்தைத் திருப்பினாள். நல்ல வேளை, இரண்டு மூன்று ஏடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தாற்போல் புரண்டதில் அந்தப் பன்னிரண்டு குடை தப்பித்தது.

"ஏன் சார் எல்லாமே பாதி பாதியா இருக்கு?"

"பழசு இல்லையாம்மா. கிழிஞ்சிருக்கும்."

"எல்லாமே ஒரே பக்கமா சார்? கீழ வேற, வாசல்ல குடுத்துடணும்னு போட்டிருக்கே?"

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எனக்குத் தெரிந்து அவர் அந்த டிக்கெட்டுகளைப் பார்த்ததே அன்றைக்குத்தான். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், இன்னொன்று. பொடி எழுத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரையும் அதட்டுகிற மனிதர், பரீட்சையில் கேள்வி புரியாத பையன் மாதிரி விழித்தார். அந்தப் பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும் ஆன்ட்டி" என்று நான் எழுந்தேன்.

தோளில் ஒரு கை விழுந்து என்னை உட்காரவைத்தது. சித்தப்பா. இந்நேரம் ஜவுளிக்கடைக்குக் கிளம்பியிருக்க வேண்டியவர். வெளியாள் இருக்கும்போது கூடத்துக்கு வராதே என்றும் அவருக்குச் சொல்லியிருந்தது.

"அது ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றார். அவர் அவ்வளவு சுத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "அந்தக் காலத்துல வாசல்ல டிக்கெட்டக் குடுத்தா, நம்பர் இருக்கிற பாதிய அவங்க எடுத்துப்பாங்க. இந்தப் பாதிய வந்தவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுவாங்க. ஞாபகமா வெச்சுக்கறதுக்கு. எங்க தாத்தா வெச்சுக்கிட்டாரு."

"உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு விவரம் தெரியும்?"

"நான் தி.நகர்ல ஒரு தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிறவன் மேடம். பன்னெண்டு வருஷமா."

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா பேப்பரை இறக்கினார். ஒரு மாதமாக எது வெளியே வரக் கூடாது என்று பெரியப்பா காவல் காத்தாரோ, அது கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. போச்சு, இன்றைக்கு சித்தப்பா தொலைந்தார் என்று நான் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். துண்டால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"இவன் என் தம்பிம்மா" என்றார். "தொழில் தெரிஞ்சவன். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்படியே எழுதிக்கோ."

அவள் எழுதிக்கொண்டாள். எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். ஓரமாக நழுவப் பார்த்த சித்தப்பாவைப் பெரியப்பா சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தில் எனக்குக் கண் மூடியிருக்கிறது. சித்தப்பா கழுத்தில் டை கோணலாகத் தொங்குகிறது.

அவள் போனபோது மணி பத்தே முக்கால். டெலிபோன் அடித்தது. ஜவுளிக்கடைக்காரர். பெரியப்பாவே எடுத்தார்.

"இல்ல, அவன் வரல. தப்பா எடுத்துக்காதீங்க. அவனுக்கு வேலை இருக்கு."

வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் கொல்லைப் பக்கம் போனார். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது.

எனக்கு மனசே ஆறவில்லை. வேலை தப்பியது சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டவர்த்தனமான பொய். உண்மை கைக்குள் இருக்கும்போது எதற்குப் பொய்? பெரியப்பாவும் பாவம், அதை அப்படியே நம்பிவிட்டாரே என்று அவர்மேல் பரிதாபம் வேறு. எவ்வளவு பெரிய பேங்கில் இருந்து என்ன, ஒரு டிக்கெட் விஷயம் தெரியவில்லையே.

குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. வாளி நிறைந்து வழிகிற சத்தம் கூடம் வரை கேட்டது. காலையில்தான் குளித்தார், மறுபடி எதற்கு? அது வாரத்துக்கு இரண்டு தடவை லாரித் தண்ணீர் வந்த காலம். ஒரு சொம்பு கூடுதலாகப் பிடித்தாலும் வீடு அதிரக் கத்துகிறவர் அவர். குழாயை மூட மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"பெரியப்பா, தண்ணி வீணாப் போகுது."

இன்னும் பலமாகத் தட்டக் கையை ஓங்கினேன். பின்னாலிருந்து சித்தப்பா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கிக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன்.

"வுடு கண்ணு. ஓடட்டும்."

பொய்யும் சொல்லிவிட்டு, லாரித் தண்ணீரையும் வீணாக்கச் சொல்கிறாரே இந்த மனிதர் என்று அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.