விலாவின் தலைப்பக்கம்

கோச்சபம்பா நகரச் சந்தையில் பதினோரு வருஷம் பன்றிக்கறி வெட்டியவள் பிரிமித்திவா கோல்கே. முழங்கை பழுதானதும் ஆஸ்பத்திரியில் ஊசி, கத்தரி கழுவும் வேலைக்கு வந்தாள். பயிற்சி டாக்டர்கள் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை எடுக்க, முதல் குத்தையே நோயாளியின் நெஞ்சில் குத்திப் பழகினார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. பன்றி விலாத் துண்டு ஒன்றை மேசைமேல் ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு, பின்னால் தண்ணீர் நிரப்பிய கையுறையைக் கட்டினாள். விலாக்களின் அடியோரம் ஓடும் ரத்தக்குழாய்களில் ஐராம்போ விதையின் சிவப்புச் சாயத்தை ஏற்றினாள். ஊசி சரியாகப் போனால் தெளிந்த நீர் வரும். குழாயில் பட்டால் சிவப்பு.

தலைமை டாக்டர் உர்கிதி அம்மா சம்மதித்தார். பத்துத் தடவை தெளிந்த நீர் எடுத்தவர்தான் நோயாளியைத் தொடலாம். ஆனால் நோயாளியிடம் ஒரு தப்பு நடந்தாலும் கறி மேசை குப்பைக்குப் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பயிற்சி டாக்டர் லிம்பெர்ட் பத்தையும் முடித்து, ஏழாம் கட்டிலுக்குப் போனான். அங்கே சுரங்கத் தொழிலாளி உல்தாரிக்கோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். விலாவைக் கழற்ற வந்த பிரிமித்திவாவின் கை நின்றது. அகலமான பக்கம் கொக்கியில் நன்றாக நிற்கும் என்று அவன் தலைகீழாக மாட்டியிருந்தான். மேல்விளிம்பில் குத்தினால் சிவப்பு, கீழ்விளிம்பில் குத்தினால் தெளிவு என்று அவன் கை பத்துத் தடவை பழகிவிட்டது. மனுஷனிடம் அது நேர்மாறு.

சொன்னால் மேசை போகும். ஆனாலும் அவள் ஏழாம் கட்டிலை நோக்கி எட்டி நடைபோட்டாள்.

லிம்பெர்ட் ஊசியை நோயாளியின் விலாவருகே கொண்டுபோயிருந்தான்.

“டாக்டரே, கைய எடுங்க,” என்றாள்.

“என்ன கறிக்கடை புரொபசர், இப்பவா?”

“நீங்க பழகுனது தலைகீழா தொங்கின விலாவுல. இங்க கீழ குத்துனா குழாய்தான் கிழியும்.”

அவன் ஊசியைக் கீழே வைத்தான். பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த உர்கிதி அம்மா வந்தார்.

“அப்போ உன் மேசைதான் தப்பா சொல்லிக் குடுத்திருக்கு, தோன்யா பிரிமித்திவா.”

“தலைப்பக்கத்துக்கு அடையாளம் வைக்காதது என் தப்புதான், டாக்டரம்மா. குளிர்பெட்டியில இன்னொரு துண்டு இருக்கு. அரைமணி குடுங்க, இவர மறுபடி பழக்கிடுறேன். அப்புறம் மேசைய நானே தூக்கிப் போடுறேன்.”

உர்கிதி அம்மா நோயாளியின் நாடியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

புதுத் துண்டைத் தானே மாட்டி, சட்டத்தின் உச்சியில் ‘தலை’ என்று சாயத்தால் கொட்டை எழுத்தில் எழுதினாள். மேல்விளிம்பை ஒட்டி மறுபடி பத்துக் குத்து. லிம்பெர்ட்டுக்கு வேர்த்து ஊற்றியது. பத்தும் தெளிந்த நீர்.

ஏழாம் கட்டிலில் ஊசி ஒரே குத்தில் போனது. ஒரு லிட்டருக்குமேல் வெளிர்மஞ்சள் நீர் வடிந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. உல்தாரிக்கோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு, மத்தியானத்துக்கு வேர்க்கடலை சூப் உண்டா என்று கேட்டார்.

லிம்பெர்ட்டின் பயிற்சித் தாளில் ‘சொல்லிக்கொடுத்தவர்’ என்ற இடத்தில் எப்போதும் டாக்டர்கள் பெயர்தான் இருக்கும். உர்கிதி அம்மா பேனாவை அவளிடம் நீட்டினார்.

“மேசை இருக்கட்டும். நீ கையெழுத்துப் போடு.”

கட்டம் சின்னது. பிரிமித்திவா கோல்கே என்று அவள் எழுதியது அடுத்த கட்டத்தையும் தாண்டிப் போனது. யாரும் அதை அடித்து எழுதச் சொல்லவில்லை.