ஏழாவது எலும்பு

கோயமுத்தூரில் நல்ல ரிப்ஸ் எங்கே கிடைக்கும் என்று ஒரு வாரம் போனில் ஆராய்ச்சி செய்த என் மகள், போன ஞாயிறு என்னையும் அவிநாசி சாலையில் கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப்போனாள். ரிப்ஸ் என்றால் நம் நெஞ்செலும்புதான். வெல்லப்பாகு மாதிரி ஏதோ பூசி, மரப்பலகையில் அடுக்கி, கூடவே பிளாஸ்டிக் கையுறையும் தந்தார்கள். எலும்பு கடிக்கக் கையுறை போடச் சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள். ஆனாலும் பலகை மேசைக்கு வந்ததும் கரிப்புகை வாசம் மூக்கில் ஏறியது. அப்படியே சூலூருக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் சூலூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மதியம் நான், ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட ஈஸ்வரன், எங்களுக்கு மூத்தவரான சுந்தரியக்கா, மூன்று பேரும் சரசக்கா கடைக்குக் கிளம்புவோம். சுந்தரியக்கா இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் போயிருந்தால், திரும்புவதற்குள் ஊரே எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கும். முடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கடை என்றால் தகரக் கொட்டகை, நாலு பெஞ்சு. சரசக்கா வெள்ளாட்டு நெஞ்செலும்பை மஞ்சள், சின்ன வெங்காயம், வரமிளகாய் போட்டு வேகவைத்து, பிறகு தேங்காய்த் தொட்டிக் கரியில் வாட்டுவார். கொழுப்பு சொட்டிக் கரி சீறும்போது வரும் வாசத்துக்கு, எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பஸ்ஸை விட்டுவிடுவார்கள். தட்டுக்கு ஏழு எலும்பு. ஆளுக்கு இரண்டு போக ஒன்று மிஞ்சும். சுந்தரியக்கா தன் பங்கை முடித்ததும் கை கழுவ எழுந்து, அப்படியே அடுப்படிக்குக் கதை பேசப் போய்விடுவார். வேண்டுமென்றேதான் போனார் என்பது எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் உறைத்தது.

"எடுத்துக்குங்க" என்று ஈஸ்வரன் தட்டை என் பக்கம் ஒரு விரல்கடை நகர்த்துவார்.

"இல்லீங்க, நீங்க எடுங்க. எனக்குப் போதுங்க."

"எனக்கும் போதுங்க."

பச்சைப் பொய். இரண்டு பேருக்கும் அது வேண்டும். எனக்கு அவரே அதை எடுத்து என் இலையில் வைக்கவேண்டும், அவ்வளவுதான். கடைசியில் சரசக்கா வந்து, "ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா நாய்க்குப் போட்டுர்றேன் கண்ணு" என்று எடுத்துப்போவார். அந்தக் கடை நாய் இரண்டு வருஷம் எங்கள் மரியாதையைத் தின்றே கொழுத்தது.

இத்தனைக்கும் குறுக்கே நிற்க ஒன்றுமில்லை. தூரத்துச் சொந்தத்தில் ஈஸ்வரன் எனக்குக் கட்டும் முறைதான். அவர் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் அப்பா மறுத்திருக்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை, சுந்தரியக்கா எழுந்து போனதும் சொன்னேன். "நாளைக்குப் பொள்ளாச்சியிலிருந்து என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க."

ஈஸ்வரன் தட்டையே பார்த்தார். "நல்ல இடமுங்களா?"

"கொப்பரை யாவாரமுங்க. நல்ல இடம்னுதான் அப்பா சொல்றாருங்க. நீங்க என்ன சொல்றீங்க?" நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு துணிச்சலாக யாரையும் எதுவும் கேட்டதில்லை.

"நானென்னங்க சொல்றது. உங்களுக்குப் புடிச்சிருந்தாச் சரிதானுங்க." தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுத்திருக்கலாம். பாதி பிய்த்து அவருக்குத் தந்திருக்கலாம். "எனக்குப் போதுங்க" என்று திருப்பி நகர்த்தினேன், பாவி. பஸ் ஏறும்போது "வாரனுங்க" என்றார். அடுத்த மாதம் நான் வேலையை விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். எலும்பில்லாத கறிதான் சாப்பிடுவார். அதற்கு அவரை என்ன சொல்ல முடியும்? ஈஸ்வரன் அவிநாசிப் பக்கம் பெண் எடுத்ததாகக் கேள்வி, அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை. சாலையை அகலப்படுத்தியபோது சரசக்கா கடையும் போய்விட்டது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இடத்தைக்கூட அடையாளம் பிடிக்க முடிவதில்லை.

கண்ணாடிக் கடையிலும் பலகையில் ஒன்று மிஞ்சியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "அம்மா, உனக்கு வேணுமா? இல்லைன்னா நான் எடுத்துக்கறேன்" என்றாள். அவளுக்கு வேண்டுமென்றால் வேண்டும். பொறாமையாக இருந்தது. "போதும்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "எனக்கு வேணும் கண்ணு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே பலகையைத் தள்ளிவிட்டு மறுபடியும் போனை எடுத்துக்கொண்டாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடித்தேன். ஒரே இனிப்பு, வெங்காய வாசமே இல்லை. பாதியில் நிமிர்ந்து எதிர் நாற்காலியைப் பார்த்தேன். எங்கள் கைப்பைகள்தான் இருந்தன. "நீங்க எடுத்துக்குங்க" என்று யாராவது ஒருதரம் சொல்லமாட்டார்களா என்று இருந்தது.